வாவிக்கரையும் வகுப்பறையாகட்டும்

சூழற்றொகுதி என்றால் என்ன என்ற வினாவுக்குத் தரம் 5 மாணவர் பலர் தடங்கலின்றி வரைவிலக்கணம் கூறிவிடுவர். ஆயின், ஊரின் எல்லையிலுள்ள கண்டற்காட்டில் வாழும் நண்டு எதனை உண்கின்றது என வினவினால் மௌனமே பதிலாகக் கிடைக்கும். இது அச்சிறார்களின் குறையன்று. வினாத்தாளுக்காகவே கற்பிக்கும் எமது வழக்கத்தின் குறையாகும்.

ஆரம்பப் பிரிவில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்றொரு பாடம் உண்டு. செயற்பாடு என்பது அதன் பெயரிலேயே இருக்கின்றது. எனினும், புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்கச் செயற்பாடு மறைந்து, மாதிரி வினாத்தாள்களே எஞ்சுகின்றன.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியை உதாரணமாகக் கொள்வோம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வெள்ளநீரும் வயல்நீரும் வந்து சேர்வதால் அதன் உவர்த்தன்மை குறைகின்றது; வறண்ட மாதங்களில் மீண்டும் கூடுகின்றது. இம்மாற்றத்தைத் தாங்கி வாழ்பவை கண்டல் தாவரங்கள். சேற்றில் ஒட்சிசன் குறைவாதலால் அவற்றுட் சில, சுவாச வேர்களை மேலே நீட்டுகின்றன. உதிரும் இலைகளை நண்டுகளும் நுண்ணங்கிகளும் சிதைக்கின்றன. அச்சிதைவுகள் இறால்களுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் உணவாகின்றன. அவற்றைத் தேடிக் கொக்கும் நீர்க்காகமும் வருகின்றன. மீனவரின் வலையும் வருகின்றது. உற்பத்தியாக்கி, நுகரி, பிரிகையாக்கி எனப் புத்தகம் கூறும் அனைத்தும் இக்கரையில் கண்முன்னே உள்ளன.

இதனை ஆராய்வதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. கரையோரத்தில் பாதுகாப்பான ஓரிடத்தில் ஒரு சதுர மீற்றர் நிலத்தை நூலால் அடையாளமிட்டு, அதிலுள்ள நண்டு வளைகளையும் நாற்றுகளையும் எண்ணிக் கொப்பியில் குறித்தால் போதுமானது. மழைக்கு முன்னும் பின்னும் அதே இடத்தை எண்ணினால் மாற்றம் தானே புலப்படும். முதலைகள் உள்ள வாவியாதலால் சிறார் நீரில் இறங்காதிருப்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் உறுதிசெய்தல் வேண்டும்.

கண்டறிந்ததைப் பிறருக்கு எடுத்துரைப்பது இக்கற்றலின் மறுபாதியாகும். "இது உனக்கு எப்படித் தெரியும்?" எனச் சக மாணவன் வினவும்போது, தான் கண்டது எது, மீனவரிடம் கேட்டறிந்தது எது, ஊகித்தது எது எனப் பிள்ளை பிரித்தறியத் தொடங்குகின்றது. ஒரு குழுவின் எண்ணிக்கை மற்றொரு குழுவின் எண்ணிக்கையுடன் முரண்படுமாயின் மீண்டும் கரைக்குச் சென்று பார்க்க வேண்டியதாகின்றது. விஞ்ஞானத்தின் அடிப்படை ஒழுக்கம் இதுவேயாகும். மனனம் செய்த வரைவிலக்கணம் இதனைக் கற்பிப்பதில்லை.

இதில் எமது சமூகங்களுக்குரிய பயனொன்றும் உண்டு. வாவியின் கரைகளில் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பிள்ளைகளோ பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளில் பயில்கின்றனர். ஆனால் ஓர் ஊரில் வீசப்படும் பொலித்தீன் மற்றைய ஊரின் கரையில் ஒதுங்குகின்றது; ஓர் ஊரின் கண்டலில் வளரும் இறால் மற்றைய ஊரின் வலையில் அகப்படுகின்றது. இரு பாடசாலைச் சிறாரும் தத்தம் குறிப்புகளை ஒரு மேசையில் வைத்து ஒப்பிடுவார்களாயின், வாவி ஒன்றே என்பதை எவரும் போதிக்காமலேயே உணர்வர்.

இவ்வறிவு இல்லாமற்போனால் விளைவது என்ன என்பதற்குப் புத்தளம் சாட்சி கூறும். அங்கு 1980களிலும் 1990களிலும் இறால் பண்ணைகளுக்காகக் கண்டற்காடுகள் அழிக்கப்பட்டன. 1996 ஆம் ஆண்டளவில் வெண்புள்ளி நோய் பரவியது. காலப்போக்கில் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. காடும் போயிற்று, பண்ணையும் நிலைக்கவில்லை.

எனவே, தவணைக்கு ஓரிரு நாட்களையேனும் இத்தகைய கள ஆய்வுக்கு ஒதுக்குவதற்கு அதிபர்கள் முன்வர வேண்டும். வலயக் கல்வி அலுவலகங்கள் அதற்கு இடமளிக்க வேண்டும். பெற்றோரும் அதனை வீணான பொழுதென எண்ணலாகாது. பரீட்சை ஒரு நாளில் முடிந்துவிடும். வாவியோ, இன்று அதன் கரையில் நண்டு வளைகளை எண்ணும் பிள்ளைகளின் பொறுப்பில் நாளை விடப்படவுள்ளது.