அபிசாயின் வாள்

மகன் அப்சலோமுக்கு அஞ்சி எருசலேமை விட்டு ஓடுகிறார் தாவீது அரசர். வழியில் சிமயி என்பவன் கல்லெறிந்து, புழுதி வாரித் தூற்றி, வாய்க்கு வந்தபடி சபிக்கிறான். அவன் தலையைக் கொய்துவரட்டுமா என்று துடிக்கிறார் அபிசாய். வேண்டாம், சபிக்கட்டும் என்கிறார் அரசர் (2 சாமு 16).

எல்லாத் தலைவர்கள் பக்கத்திலும் ஓர் அபிசாய் உண்டு. தலைவருக்கு வலிக்கும் முன்பே அவருக்கு வலித்துவிடும்.

நம் அருப்புக்கோட்டையில் 1977-ல் வென்று முதல்வரானவர் எம்.ஜி.ஆர். அவரது ஆட்சியில், 1987-ல், எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கேலி செய்யும் ஒரு ஜோக்கை அட்டையில் போட்டது ஆனந்த விகடன். உரிமை மீறல் என்று சொல்லி, ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு 3 மாதக் கடுங்காவல் விதித்தது சட்டமன்றம். எதிர்ப்பு கிளம்பவே சில நாள்களில் விடுவித்தார்கள். பிறகு வழக்கிலும் அவரே வென்றார். இழப்பீடு 1,000 ரூபாய். வாசகர்கள் அந்த ஜோக்கை அந்த வாரத்தோடு மறந்திருப்பார்கள். சிறைதான் அதை இன்றும் பேச வைக்கிறது.

2016-லும், தமிழக அரசின் அவதூறு வழக்குகள் குவிந்தபோது, பொதுவாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது.

நூறு மாலை விழுந்தும் நிறையாத மனத்தை ஒரு சிரிப்பு சாய்த்துவிடுகிறது. தன்மீதே உறுதியில்லாதவருக்குக் கேள்விகூடக் கல்லாகப் படும். அரசியல்வாதியை விடுங்கள், ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு கேட்டவரிடம் மறுநாள் நாம் முகங்கொடுத்துப் பேசுகிறோமா?

தாவீதும் அந்தக் கல்லை மறக்கவில்லை. சாகும் தறுவாயில் மகன் சாலமோனிடம், சிமயியைத் தண்டிக்காமல் விடாதே என்று சொல்லிவிட்டுத்தான் கண்மூடினார் (1 அர 2).