வீட்டு வாசலில் நிற்கும் படகு
கடலுக்குப் போகுமுன் ரோட்டில் ஓடவேண்டும்!

படகு எங்கே நிற்கும்? கடலில் நிற்கும், இல்லாவிட்டால் கடற்கரை மணலில் நிற்கும் என்பீர்கள். அமெரிக்காவில் லட்சக்கணக்கான படகுகள் வீட்டு வாசலில் காருக்குப் பக்கத்தில் நிற்கின்றன!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் படகுக்காரர் அதை டிரெய்லரோடு காரின் பின்னால் மாட்டுவார். கடற்கரைக்கு ஓட்டிப் போவார். அங்கே தண்ணீருக்குள் இறங்கும் சிமெண்டு சாய்தளம் இருக்கும். டிரெய்லரைப் பின்னோக்கித் தண்ணீருக்குள் தள்ளினால் படகு தானாக மிதந்து வெளியே வரும். காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போவார். மாலையில் மீனோடு திரும்பி, படகை மறுபடி டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்கு இழுத்து வருவார்.

இது பிழைப்புக்கு மீன் பிடிப்பது அல்ல, பொழுதுபோக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேர் படுக்கும் மும்பைவாசிக்கு, படகுக்குத் தனி இடம் என்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படகை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற விஷயம் வேடிக்கை அல்ல. தப்பாகத் தேர்ந்தெடுத்தவர் திரும்பி வராமல் போவதும் உண்டு.

இரண்டு எஜமானர்கள்

இந்தப் படகுக்கு இரண்டு எஜமானர்கள். ஒன்று கடல், மற்றொன்று ரோடு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை.

கடலுக்கு அகலமான, கனமான படகு வேண்டும். அப்போதுதான் அலையில் ஆட்டம் குறையும். ரோட்டுக்கோ ஒல்லியான, லேசான படகு வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் 8 அடி 6 அங்குலத்துக்கு மேல் அகலமான படகை ரோட்டில் இழுத்துப்போகத் தனி பெர்மிட் வாங்கவேண்டும். ஆகவே அகலம் அந்த அளவோடு நின்றுவிடுகிறது. நீளம் பெரும்பாலும் 17 அடியிலிருந்து 25 அடி வரை.

எடைக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பெனி விளம்பரத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் வெறும் படகின் எடை. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகு 2,500 பவுண்டு. பின்னால் மாட்டும் 200 குதிரைசக்தி அவுட்போர்டு மோட்டார் சுமார் 500 பவுண்டு. பெட்ரோல் ஒரு காலன் 6 பவுண்டு, 80 காலனுக்கு 480 பவுண்டு. டிரெய்லர் 1,000 பவுண்டு. ஐஸ் பெட்டி, நங்கூரம், கயிறு, பாட்டரி எல்லாம் சேர்த்து 300 பவுண்டு. மொத்தம் 4,780 பவுண்டு! விளம்பரத்தில் பார்த்த எடை ஏறக்குறைய இரட்டிப்பு ஆகிவிட்டது. 3,500 பவுண்டு மட்டுமே இழுக்கக்கூடிய கார் வைத்திருப்பவர் இதை நம்பி வாங்கினால், முதல் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் படகுதான் காரைத் தள்ளிக்கொண்டு போகும்.

அடிப்பாகம் எப்படி?

அடுத்து பார்க்கவேண்டியது படகின் அடிப்பாகம். தட்டையான அடி, ஆங்கில எழுத்து 'வி' போலக் கூரான அடி என்று பொதுவாக இரண்டு வகை.

தட்டை அடிப்படகு அமைதியான தண்ணீரில் ஆடாது. குறைந்த குதிரைசக்தியில் வேகமாகப் போகும். ஆழமில்லாத இடத்திலும் நுழையும். ஆனால் காற்று எழும்பி அலை அடித்தால் ஒவ்வொரு அலையிலும் 'டம் டம்' என்று மோதும். இடுப்பு கழன்றுபோகும். கூர் அடிப்படகு அலையைக் கத்திபோலக் கிழித்துப் போகும். ஆனால் நிறுத்தினால் பக்கவாட்டில் ஆடும். பெட்ரோலும் அதிகம் குடிக்கும்.

இந்தக் கூர் அடிக்குப் பேர் வாங்கித் தந்தவர் ரே ஹண்ட் என்ற அமெரிக்க நிபுணர். அவர் வரைந்த 'மோப்பி' என்ற 31 அடிப் படகு 1960-ம் ஆண்டு மயாமியிலிருந்து நாசாவுக்கு நடந்த கடல் பந்தயத்தில் வெற்றி பெற்றது. அதற்குப் பிறகு உலகம் எங்கும் வேகப்படகு கட்டுகிறவர்கள் அந்த வழிக்கு வந்துவிட்டார்கள்.

எது நல்லது? கழியிலும் உள்வளைகுடாவிலும் மீன் பிடிப்பவருக்குத் தட்டை அடி போதும். கரையை விட்டு வெளிக்கடலுக்குப் போக ஆசைப்படுகிறவர் கூர் அடியைத்தான் வாங்கவேண்டும். 'இரண்டுக்கும் ஆகும்' என்று விற்பனைக்காரர் சொன்னால், இரண்டுக்கும் அரைகுறையாக ஆகும் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

வாளால் அறுத்த படகு

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. படகு நிறையத் தண்ணீர் புகுந்துவிட்டால் என்ன ஆகும்?

1958-ம் ஆண்டு டிக் பிஷர் என்பவர் 'பாஸ்டன் வேலர்' என்ற 13 அடி பைபர் படகை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டு பைபர் ஓடுகளுக்கு நடுவே தெர்மோகோல் போன்ற நுரைப்பொருள் நிரப்பிய படகு. அது மூழ்காது என்பதைக் காட்ட அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். படகில் தானே உட்கார்ந்துகொண்டு, தண்ணீரில் வைத்தே அதை வாளால் இரண்டாக அறுக்கச் செய்தார். பிறகு மோட்டார் இருந்த பாதியை ஓட்டிக்கொண்டு போனார்! 1961-ம் ஆண்டு 'லைப்' பத்திரிகையில் அந்தப் படங்கள் வந்தன.

இதில் நமக்கு ஆச்சரியப்பட அதிகம் இல்லை. நம் மீனவர்களின் கட்டுமரம் இதே தத்துவம்தான். கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதற்கு உள்ளே வெற்றிடம் ஏது? தண்ணீர் புகுவதற்கு இடமில்லாதது எப்படி மூழ்கும்? 'கட்டுமரம்' என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆகியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டுமரம் குறைந்து பைபர் படகுகள் பெருகிவிட்டன. அவற்றையும் பல ஊர்களில் டிராக்டர் வைத்துத்தான் மணலில் இழுக்கிறார்கள்.

அமெரிக்கச் சட்டம், 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகுகள் தண்ணீர் நிறைந்தாலும் கவிழாமல் மட்டமாக மிதக்கவேண்டும் என்கிறது. எத்தனை பேர், எத்தனை பவுண்டு, எத்தனை குதிரைசக்தி என்று ஒரு தகடும் அடித்திருக்க வேண்டும். நம் பஸ்ஸில் 'இத்தனை பேர் அமரலாம்' என்று எழுதியிருப்பது போலத்தான். (நாம் அதை மதிக்கும் அழகு லோக்கல் ரெயிலில் தெரியும்!) ஆனால் 20 அடியும் அதற்கு மேலும் உள்ள படகுகளுக்கு இந்தச் சட்டம் கிடையாது. பெரிய படகு பத்திரமானது என்று நினைத்து 22 அடிப்படகு வாங்குகிறவர், உள்ளே நுரைப்பொருள் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று தானேதான் விசாரிக்க வேண்டும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. நல்ல கடல்படகின் தளம் வெளித்தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும். உள்ளே விழும் தண்ணீர் பின்பக்கத் துளைகள் வழியாகத் தானாக வெளியேறும். ஓட்டிப் பார்க்கும்போது மூன்று நான்கு பேரைப் பின்பக்கம் நிற்கச் சொல்லுங்கள். அப்போது அதே துளைகள் வழியாகக் கடல் உள்ளே வந்தால், பளபளப்பைப் பார்த்து மயங்காமல் அடுத்த படகைப் பார்க்கலாம்.

டிரெய்லர் தரும் தொல்லை

படகுக்கு ஆயிரம் கேள்வி கேட்பவர் டிரெய்லரை யோசிப்பதே இல்லை. ரோட்டில் ஓடிய சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும். சாய்தளத்துக்கு வந்தவுடன் அதைக் குளிர்ந்த உப்புத்தண்ணீரில் இறக்குகிறார்கள். சூடு தணியும்போது பேரிங் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, துருப்பிடித்து, திரும்பும் வழியில் சக்கரமே கழன்று ஓடிய கதைகள் ஏராளம். துத்தநாகப் பூச்சுள்ள டிரெய்லரை வாங்குவதும், வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவுவதும், பேரிங்குக்குக் கிரீஸ் போடுவதும் கடல்பக்கம் இருப்பவருக்குக் கட்டாயம்.

படகின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளையும் அதற்கு ஒரு மூடியும் உண்டு. அந்த மூடியை மாட்ட மறந்து படகை இறக்கி, சாய்தளத்திலேயே முழுகவிட்டு, சுற்றியிருந்தவர்கள் சிரிக்க நின்ற கனவான்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

பெட்ரோலுக்கு ஒரு பழைய கணக்கு. மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கைவசம். டாங்கு சிறியதாக உள்ள படகை வாங்கிவிட்டு வெளிக்கடலுக்கு ஆசைப்படக்கூடாது. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் மோட்டார் தானே நின்றுவிட ஒரு கயிற்றுச் சுவிட்சு உண்டு. அதை 26 அடிக்குக் குறைந்த படகுகளில் மாட்டிக்கொண்டே ஓட்டவேண்டும் என்ற மத்திய சட்டம் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

நான்கு வாலிபர்கள்

2009-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி, சனிக்கிழமை. புளோரிடாவில் கிளியர்வாட்டரிலிருந்து நான்கு நண்பர்கள் 21 அடிப் படகில் மீன் பிடிக்கப் புறப்பட்டார்கள். மார்க்விஸ் கூப்பர், கோரி ஸ்மித் இருவரும் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள். மற்ற இருவர் வில்லியம் பிளேக்லி, நிக் ஷுய்லர். நால்வரும் கட்டுமஸ்தான இளைஞர்கள்.

கரையிலிருந்து 50 மைலுக்கு அப்பால் போய்விட்டார்கள். மாலையில் திரும்ப நினைத்தபோது நங்கூரம் அடியில் சிக்கிக்கொண்டது. கயிற்றை அறுத்துவிட்டு வந்திருந்தால் நஷ்டம் ஒரு நங்கூரம். அவர்கள் கயிற்றைப் படகின் பின்பக்கம் கட்டி, மோட்டாரை முடுக்கி இழுத்தார்கள். மோட்டாரின் கனம் ஏற்கெனவே இருப்பது பின்பக்கம். நங்கூரமும் அதையே கீழே இழுத்தது. பின்பக்கம் அமிழ்ந்து, கடல் உள்ளே புகுந்து, படகு கவிழ்ந்தது.

அப்போது யாரும் லைப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. கவிழ்ந்த படகுக்கு அடியில் முங்கித்தான் அதை எடுக்கவேண்டி வந்தது. குளிர்ந்த தண்ணீர், பெரிய அலை, இருட்டு. ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் குளிர் தாங்காமல் போய்விட்டார்கள். உடல்கள் கிடைக்கவில்லை.

படகு மட்டும் தலைகீழாக மிதந்துகொண்டே இருந்தது. 40 மணி நேரத்துக்கு மேல் ஆகி, மார்ச் 2-ந்தேதி திங்கட்கிழமை, கடலோரக் காவல் படைக் கப்பல் அதைக் கண்டுபிடித்தது. அதன் முதுகில் மோட்டாரைப் பற்றிக்கொண்டு ஷுய்லர் உட்கார்ந்திருந்தார்.