பெங்களூரின் வரைபடத்தை மீறியது யார்?

பெங்களூரில் வீட்டுமனை பார்க்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஏ காத்தாவா, பி காத்தாவா?" ஓசூர், வேலூர், சேலம் பக்கமிருந்து வேலைக்கு வந்து, வருடக்கணக்கில் வாடகை கொடுத்து அலுத்துப்போய், முப்பதுக்கு நாற்பதில் ஒரு சைட் வாங்கிப்போடலாம் என்று கிளம்பும் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்தக் கேள்வி சீக்கிரமே மனப்பாடமாகிவிடும். காத்தா என்பது மாநகராட்சியின் சொத்துப் பதிவு. ஒழுங்காக அனுமதி பெற்ற மனைக்கு ஏ காத்தா. அனுமதி இல்லாத, அல்லது விதி மீறிய சொத்துக்கு பி காத்தா. அப்படியானால் பி காத்தா எதற்கு? சொத்து வரி வாங்குவதற்கு. "உன் வீடு சட்டப்படி சரியில்லை, ஆனாலும் வரியைக் கட்டிவிட்டுப் போ" என்று சொல்வதற்காகவே மாநகராட்சி ஒரு தனிப் பதிவேடு வைத்திருந்தது. அதில் ஏறிய சொத்துகள் லட்சக்கணக்கில்.

இந்த நிலைமை ஒரே நாளில் வந்ததல்ல. 2007-ல் பழைய மாநகராட்சியோடு ஏழு நகராட்சிகள், ஒரு பேரூர், 110 கிராமங்கள் எல்லாவற்றையும் சேர்த்து 'பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே' உருவானது. சேர்ந்த கிராமங்களில் விவசாய நிலத்தை அப்படியே துண்டுபோட்டு விற்ற 'ரெவென்யூ சைட்'டுகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. முறைப்படி போவதென்றால், முதலில் 1964-ஆம் வருட நில வருவாய்ச் சட்டத்தின்கீழ் கலெக்டரிடம் நில வகை மாற்றம் வாங்க வேண்டும். பிறகு திட்டக் குழுமத்திடம் லேஅவுட் ஒப்புதல். பிறகு மாநகராட்சியில் கட்டட வரைபட அனுமதி. கட்டி முடித்ததும் குடியேறுவதற்கான 'ஓ.சி.' சான்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலுவலகம், ஒவ்வொரு துறை. ஒரு மேஜையில் இருப்பது அடுத்த மேஜைக்குத் தெரியாது. சுற்றிச் சுற்றிக் களைத்தவர்கள் ஒன்று புரோக்கரைப் பிடித்தார்கள், அல்லது அனுமதியே இல்லாமல் கட்டிக்கொண்டார்கள்.

இதைப் பேசும்போதெல்லாம் பழி இரண்டு பேர்மீதுதான் விழும்: பேராசை பிடித்த பில்டர், லஞ்சம் வாங்கும் இன்ஜினீயர். இருவரையும் காப்பாற்றுவது என் வேலையல்ல. ஆனால் அந்த இருவரோடு கதையை முடித்துக்கொள்வது, மூன்றாவது ஆளுக்கு ரொம்ப வசதியாகப் போய்விடுகிறது. அந்த மூன்றாவது ஆள் மாநில அரசு.

1976-க்குப் போவோம். சாங்கி ஏரிக்குப் பக்கத்தில் ராஜ்மஹால் விலாஸ் விரிவுப் பகுதி. அங்கே பூங்காவுக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். உத்தரவு மேலே முதலமைச்சர் மட்டத்திலிருந்து வந்தது. அந்த வருடம்தான் பிறந்திருந்த பெங்களூர் வளர்ச்சி ஆணையம், அதாவது பி.டி.ஏ., தலையாட்டித் தீர்மானம் போட்டது. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தனி நீதிபதி மனுவைத் தள்ளினார், டிவிஷன் பெஞ்ச் ஏற்றது, 1991 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று முடித்துவைத்தது. பூங்கா என்று வரைந்த இடம் ஊராருடையது, முதலமைச்சர் நினைத்தாலும் சட்டத்தைத் தாண்டி அதை வேறொன்றாக மாற்ற முடியாது, அதைத் தட்டிக்கேட்க அந்தப் பகுதிவாசிக்கு உரிமை உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு இது. பெங்களூர் அதிலிருந்து என்ன படித்தது என்பது வேறு விஷயம்.

படித்திருந்தால் அர்க்காவதி லேஅவுட் வந்திருக்காது. 2004-ல் 16 கிராமங்களில் 2,750 ஏக்கரை எடுப்பதாக பி.டி.ஏ. இறுதி அறிவிப்பு வெளியிட்டது. வழக்குகள் குவிந்தன. 2010-ல் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு திட்டத்தை அனுமதித்தது. 2014-ல் அரசு 541 ஏக்கரைத் திட்டத்திலிருந்து கழற்றிவிட்டதாகப் பெரும் சர்ச்சை. நீதிபதி கெம்பண்ணா தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள், அறிக்கை 2017-ல் வந்தது. இதற்கு நடுவே பணம் கட்டி மனை ஒதுக்கீடு வாங்கியவர்களில் பலர், தங்கள் மனை இருந்த நிலமே கைவிட்டுப் போனதைக் கண்டார்கள். அரசு எடுத்த நிலத்தைத் திருப்பி விடுவதற்குக் கர்நாடகத்தில் 'டீநோட்டிஃபிகேஷன்' என்று பெயர். காபிக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அர்த்தம் தெரிந்த ஆங்கிலச் சொல் அது. கட்சி பேதமில்லாமல் பல ஆட்சிகளின் உறக்கத்தைக் கெடுத்த சொல்லும் அதுதான்.

2008-ல் அறிவித்த சிவராம காரந்த் லேஅவுட் இன்னொரு பாடம். 17 கிராமங்கள், 3,546 ஏக்கர். முதல் அறிவிப்போடு பல வருடம் கிடப்பில் கிடந்தது, இடையில் நிலங்கள் விடுவிக்கப்பட்டன, ஜனங்கள் வீடும் கட்டிக்கொண்டார்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திட்டத்தைத் தொடரச் சொன்னது. எந்த வீட்டை விட்டுவைக்கலாம், எதைக் கூடாது என்று பார்த்துச் சொல்ல 2020 டிசம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு போட்டதும் அதே நீதிமன்றம்தான். ஒரு லேஅவுட்டில் எந்த வீடு நிற்கும் என்று தீர்மானிக்க டெல்லி வரை போக வேண்டியிருந்ததென்றால், உள்ளூரில் மேற்பார்வை என்ற பெயரில் என்னதான் நடந்துகொண்டிருந்தது?

ஏரிகளிலும் இதே கதைதான். இன்றைய மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருப்பது தர்மாம்புதி ஏரி இருந்த இடம். கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி இருந்த இடம். 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கோரமங்களாவில் எழுந்த குடியிருப்பும் ஏரிப் படுகைமேல்தான். இவற்றில் எதையும் கள்ளத்தனமாக யாரும் வளைக்கவில்லை. எல்லாம் அரசாங்கக் காரியம். பெங்களூர் நகர, ஊரக மாவட்டங்களில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் ஏரி நிலம் பறிபோயிருக்கிறது என்று கோலிவாட் தலைமையிலான சட்டசபைக் குழு 2017-ல் சொன்னது. ஆக்கிரமித்தவர்கள் பட்டியலில் அரசு அமைப்புகளும் இருந்தன. ஆனால் 2016 ஆகஸ்டில் ராஜகால்வாயை, அதாவது பெரிய மழைநீர் வடிகாலை, மீட்கிறோம் என்று புல்டோசர் போனபோது, அது போய் நின்றது அவனி சிருங்கேரி நகர் போன்ற இடங்களில், காத்தா வைத்திருந்து வரியும் கட்டிவந்த நடுத்தரக் குடும்பங்களின் வாசலில். 2022 செப்டம்பர் மழையில் ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போன படங்களை நாடே பார்த்தது. தண்ணீருக்குப் பழைய வழி நன்றாகவே நினைவிருந்தது.

மீறியவற்றை வரன்முறைப்படுத்துவதிலும் கர்நாடகத்துக்கு நீண்ட அனுபவம். 'அக்ரம-சக்ரம' திட்டத்தில் வீடுகளுக்கு 50 சதவீதம் வரையும், வணிகக் கட்டடங்களுக்கு 25 சதவீதம் வரையும் விதிமீறலை அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். 2016 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. நம் ஊரிலும் 1999-ல் இப்படி ஒரு வரன்முறை வந்தது, 2017-ல் அனுமதியில்லா மனைகளுக்கு இன்னொன்று. அபராதம் கட்டினால் சரியாகிவிடும் என்று தெரிந்த ஊரில் முதலிலேயே விதிப்படி கட்டுகிறவனை ஜனங்கள் ஏமாளி என்பார்கள்.

2024 டிசம்பர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மீரட் வழக்கு ஒன்றில், குடியேற்றச் சான்று இல்லாத கட்டடத்துக்கு மின்சாரமும் குடிநீரும் கொடுக்கக் கூடாது, விதிமீறலுக்குத் துணைபோன அதிகாரிகள்மீது நடவடிக்கை வேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. பெங்களூரில் அதன் முதல் பகுதி மட்டும் உடனே நடைமுறைக்கு வந்தது. பெஸ்காம் மின் இணைப்பு கிடைக்காமல் கட்டி முடித்த வீடுகள் இருட்டில் நின்றன. ஊர் கொதித்தது. 2025 அக்டோபரில் 1,200 சதுர அடி வரையிலான மனைகளில் கட்டும் சிறு வீடுகளுக்கு ஓ.சி. தேவையில்லை என்று அரசு விலக்குக் கொடுத்தது. நவம்பரிலிருந்து பி காத்தாவை ஏ காத்தாவாக மாற்றிக்கொள்ள 100 நாள் வாய்ப்பு, வழிகாட்டி மதிப்பில் 5 சதவீதம் கட்டணம். சின்ன வீட்டுக்காரருக்கு நிம்மதி, மறுக்கவில்லை. தீர்ப்பின் இரண்டாம் பகுதிக்குத்தான், அதாவது அதிகாரியின் பொறுப்புக்கு, இந்த வேகம் வரக் காணோம்.

அனுமதி வாங்குவதை எளிதாக்கும் முயற்சியும் நடக்கிறது. 2024-ல் தொடங்கிய 'நம்பிகே நக்ஷே' முறையில், ஐம்பதுக்கு எண்பது அடி வரையிலான மனைக்குப் பதிவுபெற்ற ஆர்க்கிடெக்டோ இன்ஜினீயரோ வரைபடத்தை ஆன்லைனில் போட்டால் தற்காலிக அனுமதி உடனே கிடைக்கும். அதே ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு கொண்டுவந்த சுயசான்று முறையும் இந்த வழிதான். 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டலாம். நல்ல காரியங்கள். ஆனால் வாசலில் காவலைக் குறைத்தால் உள்ளே ரோந்து கூட வேண்டும். 2024 அக்டோபர் 22 அன்று பாபுசாபாளையத்தில் கட்டிக்கொண்டிருந்த பல மாடிக் கட்டடம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் செத்தார்கள். அது சட்டவிரோதக் கட்டுமானம் என்று துணை முதல்வர் டி.கே. சிவகுமாரே சொன்னார். ஒளிந்துகொண்டு மாடிமேல் மாடி எழுப்ப முடியுமா? அனுமதி வாங்கிவிட்டால் மட்டும் கட்டடம் நின்றுவிடாது என்பதற்கு நம்மிடம் மௌலிவாக்கம் இருக்கிறது. 2014 ஜூன் 28-ல் 61 உயிர்களைப் பறித்த அந்தக் கட்டடத்துக்கு சி.எம்.டி.ஏ. அனுமதி இருந்தது.

இதையெல்லாம் சீர்திருத்தத்தான் 'கிரேட்டர் பெங்களூரு' ஆட்சிச் சட்டம் என்கிறார்கள். 2025 மே 15-ல் அமலுக்கு வந்தது, செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. ஐந்துக்கும் மேலே ஓர் ஆணையம். அதன் தலைவர் முதலமைச்சர், துணைத் தலைவர் பெங்களூர் வளர்ச்சித் துறை அமைச்சர். 1976-ல் பூங்காவைத் தூக்கிக் கொடுத்தது முதலமைச்சர் அலுவலகம். அரை நூற்றாண்டு கழித்து வந்த சீர்திருத்தம் அதே அலுவலகத்தைச் சட்டப்படியே உச்சியில் உட்கார வைத்திருக்கிறது. அரசியல் சாசனத்தின் 243இசட்.இ. பிரிவு, பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் உள்ளாட்சிப் பிரதிநிதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது 2020 செப்டம்பரில். மாநகராட்சியே கலையும் வரை, ஐந்து வருடமாக அங்கே கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. யாரை அனுப்புவது?

மாஸ்டர் பிளான் நிலவரம் இன்னும் வேடிக்கை. 2007-ல் ஒப்புதல் பெற்ற திட்டம் 2015-க்கானது. 2031-க்கான வரைவு 2017 நவம்பரில் வெளியானது, 2020-ல் திரும்பப் பெறப்பட்டது. அப்புறமும் காலாவதியான வரைபடத்தை வைத்துத்தான் மெட்ரோ ஓடும் நகரத்துக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரைபடம் பழசாக ஆக, விலக்குக் கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். விலக்குக் கொடுக்கிறவரின் கையும் ஓங்கும்.

ஆகவே சீர்திருத்தம் என்று யாராவது சொன்னால், வரைபட அனுமதி எத்தனை நாளில் கிடைக்கும் என்று மட்டும் கேட்டு ஏமாறக் கூடாது. நிலப் பயன்பாட்டை மாற்றும் ஒவ்வொரு கோப்பும், விடுவிக்கும் ஒவ்வொரு ஏக்கரும், யார் கேட்டார், யார் கையெழுத்திட்டார், என்ன காரணம் என்பதோடு முடிவுக்கு முன்னாலேயே இணையத்தில் வர வேண்டும். மனை விற்கும் அமைப்பும் நகர வரைபடம் போடும் அமைப்பும் ஒன்றாக இருக்கவே கூடாது. பி.டி.ஏ. பல்லாண்டு இரண்டையும் செய்ததன் விலையைத்தான் அந்த ஊர் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறது. அடித்தளம் எழும்போதே ஒருவர் வந்து அளந்து, தன் பெயரோடு பதிவு செய்ய வேண்டும், பின்னால் மீறல் தெரிந்தால் அந்தப் பெயர் பதில் சொல்ல வேண்டும். இவை மூன்றும் இல்லாத சட்டம் எத்தனை பக்கம் இருந்தாலும் அது அலுவலகப் பலகையை மாற்றும் வேலைதான்.

அதுவரை, பெங்களூரில் சைட் பார்க்கும் தமிழ் வாசகர்கள் புரோக்கர் நீட்டும் காத்தாவோடு திருப்தி அடைந்துவிட வேண்டாம். கர்நாடக அரசின் 'திஷாங்க்' செயலியைப் போனில் இறக்கி, அந்த மனையில் நின்றபடியே சர்வே எண்ணைப் பாருங்கள். கிராம வரைபடத்தில் ஏரியோ ராஜகால்வாயோ குறுக்கே போகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால், ஏ காத்தாவே இருந்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.