குதிரையை மாற்றும் முன் சேணத்தைப் பாருங்கள்!

'ஐயா, வணக்கம். நான் திருவொற்றியூரில் வசிக்கிறேன். என் அப்பா ஜட்கா வண்டி ஓட்டியவர். நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். போன ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் ஒரு வெள்ளைப் பெண் குதிரை வாங்கினேன். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அனுப்புகிறேன்; பிள்ளைகளையும் சவாரி ஏற்றுகிறேன். இப்போது அதன் முதுகில் புண் வந்து ஆறாமல் இருக்கிறது. நான் ஏறினாலும் அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இது அகலமான சாதி, சவாரிக்கு ஆகாது, தள்ளிவிட்டு ஒல்லியான குதிரை வாங்கு என்கிறார் தரகர். விற்றுவிடலாமா?'

இந்தக் கடிதத்துக்கு நாலு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. அந்தப் பக்கம் போன ஒரு நாளில் நேரில் பார்த்துவிட்டே வந்தேன். நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவன் அல்ல. ஆனால், கழுத்துப் புண் வந்த உழவு மாடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். புண் வந்தால் மாட்டை விற்பதற்கு முன் நுகத்தடியைப் பார்ப்பதுதான் நம் வழக்கம். குதிரைக்கும் அதே நியாயம்தான்.

அகலம் என்பது என்ன?

குதிரைக்குக் குதிரை உடம்பின் அகலம் வேறுபடும் என்பது உண்மை. பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் குதிரைக்கு நெஞ்சு ஆழம் அதிகம், அகலம் குறைவு. பிடரி முடிகிற இடத்தில் இருக்கும் தோள்மேடு உயர்ந்து கூராக இருக்கும். கிண்டியில் ஓடியவை இந்த வகைதான். இதற்கு நேர் எதிர், பாரம் இழுப்பதற்காக வளர்க்கப்பட்ட ஷயர், கிளைட்ஸ்டேல் போன்ற ஐரோப்பியக் குதிரைகள். அவற்றின் முதுகு தட்டையாக, பீப்பாயைக் கவிழ்த்தது போல இருக்கும்.

நம் நாட்டு மார்வார், கத்தியவார் குதிரைகள் இரண்டுக்கும் நடுவில், சற்று ஒல்லிப் பக்கம் சாய்ந்தவை. காது நுனிகள் உள்நோக்கி வளைந்திருப்பதே இவற்றின் அடையாளம். மணிப்பூர் மட்டக்குதிரை சுமார் 44 முதல் 52 அங்குல உயரம்தான் இருக்கும். இன்று உலகம் முழுக்க ஆடும் போலோ விளையாட்டு இந்தச் சிறிய குதிரையின் முதுகில்தான் வளர்ந்தது. சவாரிக்கு உயரம் மட்டுமே கணக்கல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வடசென்னைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து குதிரைகள் கப்பலேறி மதராசுக்கு வந்தன. அந்த ஊர்ப் பெயரை வைத்தே அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர் வந்தது. ஒல்லியான பந்தயக் குதிரை, அரபுக் குதிரை, அகலமான இழுவைக் குதிரை எல்லாம் கலந்து உருவானது இது. நாள் முழுக்கச் சேணத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய படைவீரர்களுக்கு நடுத்தர அகலமே ஒத்துவந்தது.

இடுப்பு ஏன் வலிக்கிறது?

அகலமான முதுகில் ஏறினால் தொடைகள் அதிகம் விரியும். இடுப்பு மூட்டு அந்த அளவுக்கு விரிய மறுத்தால் பாரம் முழுவதும் அடிமுதுகில் விழும். சிறு பிள்ளைகளுக்குக் கால் அங்கவடிக்கு எட்டாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் உறவினர் வீட்டு வண்டிக் குதிரையில் சேணமில்லாமல் ஏறிவிட்டு, மறுநாள் நான் நடந்த நடையைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

அதற்காக ஒல்லியான குதிரை எல்லாமே சுகம் என்று நினைக்க வேண்டாம். குளம்புக்கு மேலே இருக்கும் கணுப்பகுதி செங்குத்தாகவும் குட்டையாகவும் இருந்தால் ஒவ்வொரு அடியும் முதுகெலும்பில் இடிக்கும். சாய்வாக இருந்தால் அதிர்ச்சியை அதுவே வாங்கிக்கொள்ளும். நடையும் முக்கியம். மார்வார், கத்தியவார், கட்ச் சிந்தி இனங்களில் 'ரேவால்' என்ற வழுக்கும் நடை பல குதிரைகளுக்குப் பிறவியிலேயே உண்டு. அதில் குலுக்கல் குறைவு. ஆகவே சந்தையில் குதிரையை நிறுத்தி வைத்துப் பார்த்தால் போதாது. நடக்கவிட்டு, ஓடவிட்டு, ஏறியும் பார்க்க வேண்டும்.

வயிறு பெருத்திருப்பதை அகலம் என்று எண்ணி ஏமாறுபவர்களும் உண்டு. குடல்புழு இருந்தாலும், வெறும் வைக்கோலையே தின்றாலும் வயிறு தொங்கும். முதுகோ கூரை முகடு போல இருக்கும். கையால் தடவிப் பாருங்கள். விலா எலும்பு லேசாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்கு எண்ணத் தெரியக் கூடாது. அதுதான் சரியான உடம்பு.

கொட்டகையில் கண்டது

குதிரை கத்தியவார் கலப்பு. கொள்ளும் பசும்புல்லும் தின்று நன்றாகத் தேறியிருந்தது. முதுகு சற்று அகலம்தான், ஆனால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சேணம் எங்கே வாங்கியது என்று கேட்டேன். முன்பு அவர் வைத்திருந்த கிழட்டு மட்டக்குதிரையின் சேணமாம். மெலிந்த முதுகுக்குச் செய்த மரச்சட்டத்தை அகலமான முதுகில் வைத்து வாரை இறுக்கியிருக்கிறார். சட்டத்தின் இரண்டு கால்களும் தோள்மேட்டின் இருபுறமும் கிடுக்கியாய்க் கவ்வியிருந்தன. புண் இருந்ததும் அதே இடம்தான்.

புண் வந்த பிறகு, மெத்தென்று இருக்கட்டும் என்று இரண்டு மடிப்புச் சாக்கு வேறு அடியில் போட்டிருந்தார். காலைக் கடிக்கும் செருப்புக்குள் துணியைத் திணித்தால் இன்னும் கடிக்கத்தானே செய்யும்? முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டதால், ஏறுபவரும் பின்னால் சரிந்து உட்கார வேண்டியிருந்தது. அவருடைய இடுப்பு வலிக்கும் குதிரையின் புண்ணுக்கும் ஒரே காரணம்தான்.

நீங்களே அளந்து பார்க்கலாம்

1. முதுகின் வடிவம்: வளைத்தால் வளைந்தபடி நிற்கும் தடித்த பழைய அலுமினிய வயரை எடுத்துக்கொள்ளுங்கள். தோள்பட்டை எலும்புக்கு மூன்று விரல் பின்னால், முதுகின் குறுக்கே அழுத்தி வையுங்கள். வடிவம் கலையாமல் எடுத்து அட்டையில் வரைந்து வெட்டுங்கள். சேணம் தைப்பவரிடம் அந்த அட்டையோடு போனால் போதும்.

2. சேணத்தின் இடைவெளி: ஆள் ஏறிய பிறகும் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நடு முதுகெலும்பின் மேல் எதுவும் படக் கூடாது. கடைசி விலா எலும்பைத் தாண்டிச் சேணம் பின்னால் போகக் கூடாது.

3. வியர்வை அடையாளம்: அரை மணி நேரச் சவாரிக்குப் பின் சேணத்தை இறக்கிப் பாருங்கள். ஒரே சீராக நனைந்திருந்தால் நல்லது. ஈரத்தின் நடுவே ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கேதான் அழுத்தம் அதிகம்.

4. பழைய காயம்: சேணம் அழுத்திய இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும். கருப்பு, சிவப்புக் குதிரையில் பார்த்ததும் தெரியும். வெள்ளைக் குதிரையில் தெரியாது. எனவே முதுகெங்கும் விரலால் அழுத்திப் பாருங்கள்; வலி இருந்தால் முதுகை நெளிக்கும்.

5. எடைக் கணக்கு: முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டம் வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும். இந்தக் குதிரைக்குச் சுற்றளவு 155, நீளம் 145. எடை சுமார் 293 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் ஏற்றாமல் இருப்பது நல்லது. அதாவது சேணத்தோடு சேர்த்து 58 கிலோ.

கடைசிக் கணக்கைச் சொன்னதும் அவர் பேசவில்லை. அவர் எடையே 82 கிலோ. "அப்போ நான் ஏறக்கூடாதா சார்?" என்று மெல்லக் கேட்டார். அப்பா வண்டி ஓட்டிய தெருவில் தான் குதிரை ஏறிப் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஏறக்கூடாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதோடு இன்னொன்றும் சொன்னேன்: மாப்பிள்ளையையும் எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

விற்கலாமா?

விற்க வேண்டாம் என்பதே என் பதில். ஒல்லியான குதிரையை வாங்கி இதே சேணத்தைப் போட்டால், நாளை அதற்கு வேறு இடத்தில் புண் வரும். புண் முழுவதும் ஆறும்வரை சேணம் வைக்கக் கூடாது. வருமானம் போனாலும் பரவாயில்லை. குதிரைக்கு ரணஜன்னி எளிதில் தாக்கும். அதனால் புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் மட்டும் போட்டுக்கொண்டு காத்திருக்காமல், அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோய்த் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். கடலோரத்தில் வியர்வை சீக்கிரம் காயாது. சேணத்தின் அடித்துணியை ஒவ்வொரு முறையும் அலசி வெயிலில் உலர்த்துங்கள்.

மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. புண் ஆறிவிட்டது. அட்டையை அளவாக வைத்துப் புதுச் சேணம் தைத்தாயிற்று. வாரத்தில் மூன்று நாள் மட்டும் பிள்ளைகள் சவாரி. "பேரன் ஏறுறான் சார். கடிவாளத்தைப் பிடிச்சிக்கிட்டு நான் நடக்கிறேன். நடக்க நடக்க இடுப்பு வலியும் கொறஞ்சிருக்கு" என்றார்.

வரும் ஆடியில் அந்தியூருக்குப் போகிறவர்கள் பையில் ஓர் அளவு நாடாவும் ஒரு முழம் அலுமினிய வயரும் வைத்துக்கொள்ளுங்கள். தரகர் பேச்சைக் கேட்கும் முன் குதிரையின் முதுகைக் கேளுங்கள்.