தடுமனும் நோயெதிர்ப்பும்

தடுமன் (சளி, ஜலதோஷம்) என்பது மூக்கு, தொண்டை ஆகியவற்றின் உட்சவ்வைத் தாக்கும் தீநுண்மத் தொற்று ஆகும். தென்காசி, குற்றாலம் பகுதிகளில் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் காலத்தில் அருவியில் நனைவதே இதற்குக் காரணம் எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் தீநுண்மம் இன்றி நீர் மட்டும் தடுமனைத் தோற்றுவிப்பதில்லை. நெரிசலில் இருமல், தும்மல், கைகள் வழியாகவே அது பரவுகிறது.

காரணி

பெரும்பாலும் ரைனோவைரசு இதனை உண்டாக்குகிறது. இதில் 160க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. இது மூக்கினுள் நிலவும் ஏறத்தாழ 33 பாகை செல்சியசில் நன்கு பெருகும். அவ்வெப்பநிலையில் எலியின் மூச்சுவழி உயிரணுக்களின் எதிர்ப்பு தளர்வதாக 2015 ஆம் ஆண்டில் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. எனவே குளிருக்கும் ஓரளவு பங்கு இருக்கக்கூடும்.

உடலின் எதிர்வினை

* தொற்றிய உயிரணுக்கள் இண்டர்ஃபெரானைச் சுரந்து அண்டை உயிரணுக்களை எச்சரிக்கின்றன.
* பிராடிகினின் முதலிய வேதிப்பொருட்களால் குருதிக்குழல்கள் விரிகின்றன; மூக்கடைப்பும் நீரொழுகலும் தோன்றுகின்றன.
* வெள்ளையணுக்கள் திரள்கின்றன. அவற்றின் நொதியாலேயே சளி பச்சை நிறமாகிறது.
* டி அணுக்கள் தொற்றிய உயிரணுக்களை அழிக்கின்றன. பி அணுக்கள் பிறபொருளெதிரிகளை உருவாக்குகின்றன.

ஆகவே தடுமனின் துன்பம் பெரிதும் உடலின் எதிர்ப்பினாலேயே விளைகிறது. ஒரு வகைக்கு உருவான எதிர்ப்பு பிற வகைகளைத் தடுக்காததால் தடுமன் மீண்டும் வருகிறது.

மருத்துவம்

தடுமன் பொதுவாக 7 முதல் 10 நாட்களில் தானாகத் தணியும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தீநுண்மத்தை அழிக்கா. ஆத்துமா உள்ளோருக்கு இது மூச்சுத்திணறலைத் தூண்டலாம். அவர்கள் மருத்துவரை நாடுதல் வேண்டும்.