ஆதிச்சநல்லூர்த் தாழி எலும்புகளும் மீட்புக் கோரிக்கையும்

ஆதிச்சநல்லூரிலிருந்து பெர்லினுக்குச் சென்றவற்றை மீட்க வேண்டும் என்ற குரல் தமிழகத்தில் அவ்வப்போது எழுகிறது. அக்குரல் பெரும்பாலும் இரும்புக் கருவிகளையும் மட்கலங்களையுமே சுட்டுகிறது. அவற்றோடு சென்ற மனித எலும்புகள் தனியே பேசப்படுவது அரிது.

1876இல் தாமிரபரணிக் கரையின் இவ்விடுகாட்டைத் தோண்டிய ஜெர்மானியர் ஃபெடோர் யாகோர், கலங்கள், ஆயுதங்களோடு எலும்புகளையும் மண்டையோடுகளையும் திரட்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. அப்போது அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தலையையும் மூக்கையும் அளந்து சாதிகளை வகைப்படுத்த முயன்றவர். ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள் பற்றிய சுக்கர்மனின் ஆய்வும் 1930இல் அவ்வருங்காட்சியக வெளியீடாகவே வந்தது. இறந்தவர் அங்கே இனத்தின் மாதிரியாயினர்.

தமிழ் இலக்கியம் தாழியை வேறுவிதமாக அறியும். புறநானூற்று 228ஆம் பாடலில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவனுக்கேற்ற தாழியை எவ்வாறு வனைவாய் எனக் குயவனிடம் வினவுகிறார். 256ஆம் பாடலின் பெண், தானும் உடன் அடங்குமாறு தாழியை அகலமாக வனையக் கேட்கிறாள். இரண்டிலும் தாழி உறவின் கலம். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டமோ தாழியில் கவித்தலை ஐவகை ஈமமுறைகளுள் ஒன்றாக வைக்கிறது. முதுமையால் உடல் சுருங்கியும் உயிர் பிரியாதோரைத் தாழியில் வைத்தனர் என்னும் மக்கள் வழக்கை அகழாய்வு ஏற்கவில்லை; கொந்தகையில் 2020இல் சிறார் எலும்புக்கூடும் வெளிப்பட்டது. ஆயினும் அவ்வழக்கு, தாழிக்குள் இருப்பவரை வீட்டுப் பெரியவராகவே காண்கிறது என்பது கருதத்தக்கது.

பிறநாட்டு நிகழ்வுகளில் உரிமை கோருவோர் தெளிவாக உள்ளனர். எடின்பரோ பல்கலைக்கழகம் 2019இல் ஒன்பது மண்டையோடுகளை இலங்கை வேடர் தலைவரிடம் ஒப்படைத்தது. ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள நாகர் உடலெச்சங்களை மீட்க நாகர் சமூகத்தினரே முயல்கின்றனர். 2024இல் இங்கிலாந்தில் ஏலத்திற்கு வந்த நாகர் மண்டையோடு எதிர்ப்பால் விலக்கப்பட்டது. ஆதிச்சநல்லூர் எலும்புகளுக்கு இத்தகைய வழித்தோன்றல் சமூகம் எதுவும் சுட்டப்படவில்லை. காலத் தொலைவும் தடையாகலாம். பிரித்தானியாவின் 2004ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம், இறந்து 1000 ஆண்டுகளுக்கு உட்பட்ட எச்சங்களையே தேசிய அருங்காட்சியகங்கள் திருப்பித்தர இசைகிறது. இது பெர்லினைக் கட்டுப்படுத்தாது எனினும், அங்குள்ளோரும் இதே வினாவை எழுப்பக்கூடும்.

குருதிவழி உரிமை நிறுவ இயலாத இடத்தில் பண்பாட்டுவழி உரிமை போதுமா? மேற்கண்ட பாடல்களும் மக்கள் வழக்கும் இவ்வுரிமைக்குச் சான்றாகும். ஆனால் எந்த எலும்பு எங்குள்ளது என்னும் பட்டியலுக்கு அவை ஈடாகா. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 1100க்கும் மேற்பட்ட மண்டையோடுகளின் தோற்றவிடத்தைப் பெர்லின் நிறுவனமே அண்மையில் ஆராய்ந்துள்ளது. அத்தகைய ஆய்வை ஆதிச்சநல்லூருக்கும் கோருவதே முதற்பணி.

அக்கோரிக்கை சென்னைக்கும் பொருந்தும். ரீ அகழ்ந்த மண்டையோடுகள் கடல் கடக்கவில்லை. தாழியை விட்டு நீங்கியவை என்ற அளவில் அவற்றின் நிலை வேறல்ல. 2023இல் ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழியின்மேல் கண்ணாடித் தளம் அமைத்துத் தாழிகளைப் பார்வைக்கு வைத்தனர். பெர்லினிலிருந்து எலும்புகள் திரும்புமாயின், அவை அக்கண்ணாடியின் கீழ் வைக்கப்படுமா, மண்ணில் இடப்படுமா என்பதை இப்போதே வரையறுத்தல் வேண்டும்.