கண்ணும் கையும்: மன்னார்க் கரையிற் சித்திரப் பயிற்சி

கை பழகப் பழகச் சித்திரம் அமையும் என்பது நம்மவரின் பழந்துணிபு. அது மெய்யே. ஆயினும், கைக்கு முன்னர்ப் பழகவேண்டியது கண். சித்திர வகுப்பில் மாணவன் அடையும் வளர்ச்சியாவது, மனத்தில் முன்பே பதிந்த வடிவை வரையும் நிலையினின்று, எதிரே கண்டதை வரையும் நிலைக்கு உயர்தலேயாம்.

அச்சிட்ட படத்தைப் பார்த்து அவ்வாறே எழுதுதலே சித்திரக் கல்வி என ஒரு காலத்திற் கருதப்பட்டது. வியன்னா நகரிற் பிரான்ஸ் சிசெக் என்பார் 1897இற் சிறுவர்க்கென வகுப்பொன்று தொடங்கி, அவர்களைத் தம் போக்கில் வரையவிட்டார். இலங்கையிற் சித்திர வித்தியாதரிசிகளாயிருந்த வின்சர், பீலிங் ஆகியோர் காலத்திற் புதிய நோக்குப் பாடசாலைகளிலும் புகுந்தது. யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் சித்திரக் கழகத்தை நிறுவினார்.

இப்பயிற்சிக்கு மன்னார்த் தீவு ஏற்ற களம். முதற்படி அளவு. பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தை வரையப் புகும் இளமாணவன், மெல்லிய அடிமரமும் உருண்ட தழைப்பும் கொண்ட பொதுமரம் ஒன்றையே வரைவான். உண்மை மரத்தின் உயரம் ஏறக்குறைய 7½ மீட்டர். சுற்றளவோ ஏறக்குறைய 19½ மீட்டர். எனவே அதன் குறுக்களவு 6 மீட்டருக்குச் சற்று மேலாகும். நீட்டிய கையிற் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பார்ப்பவன், உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒத்திருத்தலைக் கண்டு வியப்பான். அவ்வியப்பே கல்வியின் தொடக்கம்.

இரண்டாவது படி தூரம். 1914இல் திறக்கப்பெற்று, 1990இற் போரினால் நின்று, 2015இல் மீண்ட தலைமன்னார்ப் புகையிரதப் பாதை சமநிலத்தில் நேரே ஓடுகின்றது. இரு தண்டவாளங்களும் தொடுவானில் ஒரு புள்ளியிற் கூடுவனபோலத் தோன்றும். நின்று பார்ப்பினும் இருந்து பார்ப்பினும் தொடுவானம் கண்மட்டத்திலேயே அமைதலை மாணவன் ஈண்டு உணர்வான்.

மூன்றாவது படி ஒளியும் நிழலும். போர்த்துக்கேயர் 1560இற் கட்டி, ஒல்லாந்தர் 1658இற் கைப்பற்றிய மன்னார்க் கோட்டையின் கொத்தள மூலையில், காலை வெயில் ஒரு முகத்திற் பட, மறுமுகம் இருளும். அங்கே கோடு என ஒன்று இல்லை. இரு சாயல்கள் சந்திக்கும் எல்லையே உண்டு. இதை அறிந்தவன் அழுத்தமான கோட்டை விட்டுச் சாயலால் உருவம் சமைப்பான்.

அடுத்தது வண்ணம். வெண்மணல் வெண்மையன்று, அதன் நிழலில் வானின் நீலம் கலந்திருக்கும். நீர்வர்ணத்தில் வெண்மையைப் பூசுவதில்லை; தாளையே வெறிதாக விடுதல் வேண்டும். எதைத் தீட்டாது விடுவது என்பதும் கலையின் ஒரு கூறு.

இறுதிப்படி அமைப்பு. பேசாலைக் கரையிற் கரைவலை இழுப்போரைக் கண்டுவந்து, வகுப்பில் நினைவினின்று வரைதல் இதற்கு நல்ல பயிற்சி. கண்ட யாவற்றையும் தாளில் அடைத்தல் இயலாது. சாய்ந்த உடல்களும் இறுகிய கயிறும் போதும், உழைப்பு விளங்கிவிடும்.

இவ்வளர்ச்சியை எவ்வாறு அளப்பது? அயலானின் படத்தோடு ஒப்பிட்டன்று. அம்மாணவனின் ஆண்டுத் தொடக்கப் படத்தையும் முடிவுப் படத்தையும் அருகருகே வைத்தே அளத்தல் வேண்டும். அழித்து எழுதிய தாள்களையும் பேணுதல் இதன்பொருட்டே.

பேணிய தாள்களும் அழியக்கூடும். குருநகரில் 1933இற் பிறந்த ஓவியர் அ. மாற்கு, யாழ்ப்பாணத்தில் மாணவர் பலருக்குச் சித்திரம் பயிற்றியவர். 1995இன் இடப்பெயர்விலே தம் படைப்புகளிற் பெரும்பகுதியை இழந்தார். பின்னர் மன்னாரில் வாழ்ந்து 2000இல் மறைந்தார். சுவரில் மாட்டிய படத்தைப் போர் கொண்டுபோகலாம். அவர் மாணவர்க்கு அளித்த பார்வையை அதனாற் கொண்டுபோக இயலவில்லை. சித்திர ஆசிரியன் விட்டுச்செல்லும் நிலைத்த செல்வம், பிறர் கண்ணில் ஏற்றிய ஒளியேயாம்.